ரிச்சர்ட் வான் கிராஃப்ட்-எபிங்

ரிச்சர்ட் வான் கிராஃப்ட்-எபிங் (ஆகஸ்ட் 14, 1840 – டிசம்பர் 22, 1902) ஜெர்மனியில் பிறந்து, பெரும்பாலும் ஆஸ்திரியாவில் பணியாற்றிய உளநோய் மருத்துவர் ஆவார். நீதிமன்றங்களுக்கான உளநோயியலிலும் நரம்பு நோய்களிலும் இவர் பல நூல்களை எழுதியுள்ளார். எனினும் 1886 ஆம் ஆண்டில் வெளிவந்த சைக்கோபேதியா செக்சுவாலிஸ் என்ற நூலுக்காகவே இன்று பெரிதும் அறியப்படுகிறார். பாலியல் விழைவு இல்லாமை, அளவுக்கு மீறிய விழைவு, வழக்கத்திற்கு மாறான விழைவு ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வரையறுக்க முயன்ற தொடக்ககால நூல்களுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது இதுவே. இவருடைய வரையறைகளில் பல பின்னர் கைவிடப்பட்டன. சில, பெயர் மாறி இன்றைய மருத்துவக் கையேடுகளிலும் தொடர்கின்றன.

இளமையும் கல்வியும்

கிராஃப்ட்-எபிங் அன்றைய பாடன் நாட்டைச் சேர்ந்த மன்ஹைம் நகரில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். தாய்வழிப் பாட்டனாரான கார்ல் யோசெஃப் அன்டன் மிட்டர்மையர் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டப் பேராசிரியர். மரண தண்டனைக்கு எதிராக எழுதியவர் என்று அறியப்பட்ட அவருடைய வீட்டில் தங்கியே பேரன் மருத்துவம் பயின்றார். குற்றவாளி என்று கொண்டுவரப்படுபவர் உண்மையில் நோயாளியா என்ற கேள்வி கிராஃப்ட்-எபிங்கின் வாழ்க்கை முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. அது அந்த வீட்டின் உணவு மேசையிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று எண்ண இடமுண்டு.

மாணவப் பருவத்தில் காய்ச்சலுற்று, உடல் தேறுவதற்காகச் சூரிச் சென்றிருந்தபோது வில்ஹெல்ம் கிரீசிங்கரின் விரிவுரைகளைக் கேட்டார். உளநோய்கள் மூளையின் நோய்களே என்று கற்பித்தவர் கிரீசிங்கர். அதன் பின் கிராஃப்ட்-எபிங் உளநோய் மருத்துவத்தைத் தம் துறையாகத் தேர்ந்தார். 1863 இல் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு பாடனில் இருந்த இல்லெனாவ் மனநோய் இல்லத்தில் மருத்துவராகச் சேர்ந்தார். பிறகு பாடன்-பாடன் நகரில் நரம்பு நோய்களுக்குத் தனியே மருத்துவம் பார்த்தார். 1870-71 பிராங்கோ-பிரஷ்யப் போரில் போர்க்கள மருத்துவராகப் பணிபுரிந்தார்.

கிராட்ஸ் நகரில்

1872 இல் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டே ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகருக்குச் சென்று, அங்கு பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் ஃபெல்ட்ஹோஃப் மனநோய் இல்லத்தின் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். நீதிமன்ற உளநோயியல் பாடநூல் 1875 இலும், உளநோய் மருத்துவப் பாடநூல் 1879 இலும் வெளிவந்தன. இரண்டும் பல பதிப்புகள் கண்டன.

நெரிசல் மிகுந்த அரசு இல்லத்தின் நிர்வாகத்திலிருந்து 1880 இல் விலகினார். 1886 இல் கிராட்ஸ் நகருக்கு அருகே மரியாகுரூன் என்னும் தனியார் நலவாழ்வு இல்லத்தை நிறுவினார். இம்மாற்றம் இவருடைய ஆய்வையும் பாதித்தது. ஃபெல்ட்ஹோஃபில் இவர் கண்டவர்கள், காவலரோ உறவினரோ கொண்டுவந்து சேர்த்த ஏழை நோயாளிகள். மரியாகுரூனுக்கு வந்தவர்களோ படித்தவர்கள், வசதி உடையவர்கள், தாமாகவே வந்தவர்கள். தங்கள் உள்ளத்தில் நிகழ்வதைச் சொற்களில் விளக்கத் தெரிந்தவர்கள். பாலியல் விழைவைப் பற்றி எழுதும் ஒரு மருத்துவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

விழைவை வகைப்படுத்துதல்

பாலியல் விழைவின் பிறழ்வுகளைப் பற்றிய இவருடைய முதல் கட்டுரை 1877 இல் வெளிவந்தது. அதை விரித்தெழுதியதே சைக்கோபேதியா செக்சுவாலிஸ். ஹைன்ரிச் கான் என்ற மருத்துவர் 1844 இல் இலத்தீன் மொழியில் எழுதிய நூலுக்கும் இதே தலைப்புதான். ஆனால் கானின் நூல் விரைவில் மறக்கப்பட்டுவிட்டது.

கிராஃப்ட்-எபிங்கின் கருத்துப்படி, பாலியல் விழைவு பசியைப் போன்ற ஓர் இயற்கை உந்துதல். அது மூளையில் தோன்றி, தண்டுவடத்தின் வழியே உடலுறுப்புகளை இயக்குகிறது. எனவே உறுப்பு செயலிழந்தவரையும் விழைவே தோன்றாதவரையும் ஒரே நோயாளியாகக் கருதக்கூடாது என்றார். இன்று ஆண்மைக் குறைபாடும் விழைவுக் குறைபாடும் வெவ்வேறு என்பது மருத்துவ மாணவர் எவரும் அறிந்த செய்தி. அன்று இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது வழக்கமாக இருந்தது.

மூளை சார்ந்த பிறழ்வுகளை இவர் நான்காகப் பிரித்தார். பாரடாக்சியா என்பது உரிய வயதுக்கு முன்னோ, முதுமையிலோ விழைவு தோன்றுவது. அனஸ்தீசியா என்பது விழைவே இல்லாதிருப்பது. ஹைபரஸ்தீசியா என்பது விழைவு அளவுக்கு மீறியிருப்பது. பாரஸ்தீசியா என்பது விழைவு இனப்பெருக்கத்திற்கு உதவாத இலக்கை நாடுவது. கணிதம் பயின்றவர்கள் இதை மூன்று அச்சுகளைக் கொண்ட ஒரு வரைபடமாக எண்ணிப் பார்க்கலாம்: ஓர் அச்சு காலம், ஒன்று அளவு, ஒன்று திசை. இரண்டாவதும் மூன்றாவதுமான பிரிவுகள் அளவு என்னும் ஒரே அச்சின் இரு முனைகள். நான்காவது பிரிவு திசையைப் பற்றியது. நூலின் பெரும்பகுதியை இந்த நான்காவது பிரிவே பிடித்துக்கொண்டது. மற்ற மூன்றும் சில பக்கங்களில் முடிந்துவிடுகின்றன.

அனஸ்தீசியாவைப் பற்றிய பகுதி சிறிதாயினும் கவனிக்கத் தக்கது. பிறவியிலேயே விழைவு இல்லாதவர் என்று ஒருவரைக் கூற வேண்டுமானால், அவருடைய உறுப்புகள் இயல்பாக வளர்ந்து இயங்குபவையாக இருக்க வேண்டும் என்று இவர் நிபந்தனை விதித்தார். முதலில் இருந்து பின்னர் மறைந்த விழைவைத் தனியாக வைத்தார். முதுமை, உடல்நோய், மது, விதை நீக்கம் முதலியவை அதற்குக் காரணங்கள். வாழ்நாள் முழுவதும் இருப்பது, இடையில் வந்தது என்ற இந்தப் பாகுபாடு இன்றைய கையேடுகளிலும் உள்ளது.

ஹைபரஸ்தீசியாவை வரையறுப்பது இவருக்கு எளிதாக இருக்கவில்லை. எவ்வளவு விழைவு அதிகம் என்பதற்கு அளவுகோல் ஏதும் இல்லை. பிறரிடம் எவ்விதக் கிளர்ச்சியையும் ஏற்படுத்தாத பொருள்களும் ஒருவரைத் தூண்டுவது, நிறைவேறிய பின்னரும் விழைவு தணியாதிருப்பது, எண்ணம் முழுவதையும் அது ஆக்கிரமிப்பது ஆகியவற்றை அறிகுறிகளாகக் கொண்டார். இதன் உச்ச நிலையை ஆண்களிடம் சாட்டிரியாசிஸ் என்றும் பெண்களிடம் நிம்ஃபோமேனியா என்றும் அன்றைய வழக்குப்படி குறிப்பிட்டார்.

இங்குதான் இவருடைய அளவுகோலின் கோணல் வெளிப்படுகிறது. நல்ல முறையில் வளர்க்கப்பட்ட, உளநலம் உள்ள பெண்ணிடம் பாலியல் விழைவு குறைவாகவே இருக்கும் என்று இவர் எழுதினார். ஆகவே ஓர் ஆணிடம் நோயாகக் கருதப்படும் விழைவின்மை பெண்ணிடம் ஒழுக்கமாகத் தோன்றியது. ஓர் ஆணிடம் இயல்பாகக் கருதப்படும் விழைவு பெண்ணிடம் நோயாகத் தோன்றியது. இயல்பு எது என்பதை இவர் கணக்கெடுத்துக் கண்டறியவில்லை. தம் காலத்து நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் எதிர்பார்ப்பையே இயல்பு என்று எடுத்துக்கொண்டார். இது இவருக்கு மட்டும் உரிய குறையன்று என்றாலும், பெருமளவில் படிக்கப்பட்ட நூலில் இடம்பெற்றதால் நெடுங்காலம் நிலைத்தது.

நிறைவேறாத விழைவு

விழைவு இருந்தும் அது நிறைவேற வழியில்லாதவர் நோயாளி ஆவாரா? 19 ஆம் நூற்றாண்டு மருத்துவர்களிடையே இது சூடான விவாதமாக இருந்தது. பாலியல் துறவு உடலைக் கெடுக்கும் என்று ஒரு சாராரும், துறவே உடலுக்கு வலிமை என்று மறுசாராரும் வாதிட்டனர். 1880களின் இறுதியில் கிராஃப்ட்-எபிங் இதைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நரம்பு வலிமை உடையவருக்குத் துறவினால் தீங்கு நேர்வதில்லை என்பதும், பிறவியிலேயே நரம்புத் தளர்ச்சிக்கு ஆட்படக்கூடியவர்களும் விழைவு மிக்கவர்களுமே துன்புறுவர் என்பதும் அவருடைய நிலைப்பாடு.

இந்த விடை நோயை வாழ்க்கைச் சூழலிலிருந்து எடுத்து மனிதரின் பரம்பரையில் வைத்துவிடுகிறது. பிரெஞ்சு மருத்துவர் பெனெடிக்ட் மொரெல் 1857 இல் முன்வைத்த பரம்பரைச் சீரழிவுக் கோட்பாட்டைக் கிராஃப்ட்-எபிங் ஏற்றிருந்தார். எந்த நோயாளியைப் பற்றி எழுதினாலும், பாட்டனார் குடித்தாரா, அத்தைக்கு வலிப்பு உண்டா என்று தேடுவது அவர் வழக்கம். தேடினால் எந்தக் குடும்பத்திலும் ஏதேனும் கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நூலும் கடிதங்களும்

சைக்கோபேதியா செக்சுவாலிஸ் மருத்துவர்களுக்காகவும் நீதிபதிகளுக்காகவும் எழுதப்பட்டது. பொதுமக்கள் படிக்கக்கூடாது என்பதற்காகத் தலைப்பும் கலைச்சொற்களும் வெளிப்படையான பகுதிகளும் இலத்தீனில் அமைக்கப்பட்டன. இத்தடை பயன் தரவில்லை. முதல் பதிப்பு ஏறத்தாழ 110 பக்கங்களே கொண்டது. பதிப்புக்குப் பதிப்பு நோயாளர் வரலாறுகள் சேர்க்கப்பட்டு, அவர் மறைவை அடுத்து 1903 இல் வெளிவந்த 12 ஆம் பதிப்பு பல மடங்கு பெருத்திருந்தது. சார்லஸ் கில்பர்ட் சாடக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1892 இல் வந்தது.

நூல் பெருத்ததற்குக் காரணம் வாசகர்களே. தம்மைப் போன்றவர் உலகில் வேறு எவரும் இல்லை என்று நம்பியிருந்த பலர், நூலில் தம் நிலையைக் கண்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதினர். தம் வாழ்க்கை வரலாற்றையே நீளமாக எழுதி அனுப்பியவர்களும் உண்டு. கிராஃப்ட்-எபிங் அவற்றுள் பலவற்றைப் பெயர் நீக்கி அடுத்த பதிப்புகளில் சேர்த்தார். சிலர் மருந்து கேட்டனர். வேறு சிலரோ தாம் நோயாளி அல்லர் என்றும், சட்டமும் ஊராரின் ஏளனமுமே தம்மை வருத்துகின்றன என்றும் வாதிட்டனர். தம் கொள்கைக்கு எதிரான இத்தகைய கடிதங்களையும் அவர் அச்சிட்டது, அவரைப் பற்றிய மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

புதிய சொற்கள்

பிறரிடமிருந்து துன்பத்தையும் இழிவையும் நாடும் விழைவுக்கு 1890 இல் இவர் மசோக்கிசம் என்று பெயரிட்டார். லெயோபோல்ட் வான் சாகர்-மசோக் (1836–1895) என்ற எழுத்தாளரின் கதைகளில் இவ்விழைவு விரிவாக வருவதால் அவர் பெயரையே பயன்படுத்தினார். சாகர்-மசோக் கிராட்ஸில் கல்வி பயின்றவர். அப்பெயர் சூட்டப்பட்டபோது உயிரோடு இருந்தார். உயிரோடிருக்கும் ஓர் எழுத்தாளரின் குடும்பப் பெயரை நோயின் பெயராக்கியது அன்றே கண்டிக்கப்பட்டது. சாடிசம் என்ற சொல் பிரெஞ்சு மொழியில் முன்பே இருந்தது. அதை மருத்துவச் சொல்லாக்கியவர் கிராஃப்ட்-எபிங். எழுத்தாளர் கார்ல் மரியா கெர்ட்பெனி 1860களின் இறுதியில் உருவாக்கிய ஹோமோசெக்சுவல், ஹெட்டிரோசெக்சுவல் ஆகிய சொற்களும் இவருடைய நூலின் வழியாகவே மருத்துவ உலகில் பரவின.

சட்டமும் தற்பால் விழைவும்

அக்காலத்தில் ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 175 ஆம் பிரிவின்படியும், ஆஸ்திரியச் சட்டம் 129 ஆம் பிரிவின்படியும் தற்பால் உறவு சிறைத்தண்டனைக்கு உரியது. நீதிமன்றங்களில் மருத்துவ வல்லுநராகத் தோன்றிய கிராஃப்ட்-எபிங், செயலை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்கக்கூடாது என்றும் அதன் பின்னுள்ள விழைவை ஆராய வேண்டும் என்றும் வலியுறுத்தினார். நோயால் வந்த விழைவு வேறு, மனமறிந்து செய்யும் தீய ஒழுக்கம் வேறு என்பது அவருடைய வாதம்.

இதன் பயனை இரு வகையாகக் காணலாம். சிறைக்குச் செல்ல வேண்டியவர் சிறையிலிருந்து தப்பினார். ஆனால் அதற்கு விலையாகத் தம்மை நோயாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஹைன்ரிச் உல்ரிக்ஸ் (1825–1895) தற்பால் விழைவு இயற்கையானது என்று 1860களிலேயே எழுதித் தம் நூல்களைக் கிராஃப்ட்-எபிங்குக்கும் அனுப்பியிருந்தார். இத்துறையில் தமக்கு ஆர்வம் தோன்றியதே அந்நூல்களால்தான் என்று கிராஃப்ட்-எபிங் பின்னர் ஒப்புக்கொண்டார். உல்ரிக்ஸின் தரவுகளை ஏற்ற அவர், நோயல்ல என்ற முடிவை மட்டும் அன்று ஏற்கவில்லை.

காலப்போக்கில் அவருடைய நிலைப்பாடு மாறியது. 175 ஆம் பிரிவை நீக்கக் கோரி மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1897 இல் தொடங்கிய விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். 1901 இல் ஹிர்ஷ்ஃபெல்டின் ஆண்டு மலரில் எழுதிய கட்டுரையில், தற்பால் விழைவு உளநோய் அன்று என்றும், முழுமையான உளநலத்தோடும் உயர்ந்த பண்புகளோடும் அது இணைந்திருக்கக்கூடும் என்றும் எழுதினார். தம் பழைய கருத்து ஒருபக்கச் சார்புடையது என்றும் ஒப்புக்கொண்டார். அவர் அடுத்த ஆண்டே இறந்துவிட்டதால் இக்கட்டுரை பரவலாக அறியப்படவில்லை. நோய் என்று கூறிய பழைய நூல்தான் தொடர்ந்து அச்சிடப்பட்டது.

வியன்னா

1889 இல் வியன்னாவின் மனநோய் இல்லத்தில் இயங்கிய பல்கலைக்கழக மருத்துவப் பிரிவுக்கு மாறினார். 1892 இல் தியோடோர் மைனர்ட் மறைந்தபின், பொது மருத்துவமனையில் அவர் வகித்த பதவியையும் பெற்றார். சிக்மண்ட் பிராய்ட் 1896 இல் இசிவு நோயின் காரணம் பற்றி உரையாற்றிய கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் இவரே. அந்த உரையை அறிவியல் சார்ந்த ஒரு கற்பனைக் கதை என்னும் பொருள்படக் கருத்துரைத்தார். ஆயினும் அடுத்த ஆண்டு பிராய்டுக்குப் பேராசிரியர் பட்டம் வழங்கப் பரிந்துரைத்தவர்களுள் இவரும் ஒருவர்.

மூளையைத் தாக்கும் பொதுப் பக்கவாதத்திற்கும் சிபிலிஸ் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி இவருடைய மருத்துவப் பிரிவில் நடந்த சோதனை 1897 இல் மாஸ்கோ மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. பொதுப் பக்கவாத நோயாளிகளின் உடலில் சிபிலிஸ் புண்ணின் நீர் செலுத்தப்பட்டது. அவர்களுக்குப் புதிதாக நோய் தொற்றவில்லை. எனவே அவர்கள் ஏற்கெனவே சிபிலிஸ் கண்டவர்கள் என்ற முடிவு எட்டப்பட்டது. முடிவு சரியானதே. சம்மதம் அளிக்கும் நிலையில் இல்லாத நோயாளிகளிடம் இத்தகைய சோதனை நடத்துவதை இன்றைய மருத்துவ அறநெறி அனுமதிக்காது.

1902 இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றுக் கிராட்ஸ் திரும்பினார். அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று மரியாகுரூனில் காலமானார்.

பிற்கால வரையறைகள்

பிராய்டும் அவருடைய வழிவந்தவர்களும் விழைவின் அளவைக் காட்டிலும் அதன் தோற்றத்தையே ஆராய்ந்ததால், விழைவுக் குறைபாட்டின் வரையறை பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. 1966 இல் வில்லியம் மாஸ்டர்சும் வர்ஜீனியா ஜான்சனும் பாலியல் எதிர்வினையை நான்கு நிலைகளாக விளக்கினர். அந்நான்கிலும் விழைவுக்கு இடமில்லை. அதைத் தனி நிலையாகச் சேர்க்க வேண்டும் என்று 1970களில் வாதிட்டவர் எலன் சிங்கர் கப்ளான் (1929–1995). அவர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். சிகிச்சைக்கு வந்த பலருக்கு உடல் இயங்குவதில் சிக்கல் இல்லை, விழைவே எழவில்லை என்பதை அவர் கண்டார். கிராஃப்ட்-எபிங் செய்த பாகுபாடு இவ்வாறு மீண்டும் கண்டறியப்பட்டது. அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980 இல் விழைவுக் குறைபாடு இடம்பெற்றது. 1987 இல் விழைவு குறைந்திருப்பதும், பாலியல் தொடர்பையே வெறுத்து ஒதுக்குவதும் தனித்தனி நோய்களாகப் பிரிக்கப்பட்டன.

1994 பதிப்பில் ஒரு முக்கியமான நிபந்தனை சேர்ந்தது. விழைவு குறைந்திருப்பது மட்டும் போதாது. அதனால் ஒருவருக்குக் கடும் மனத்துயரோ உறவில் சிக்கலோ ஏற்பட்டிருக்க வேண்டும். கிராஃப்ட்-எபிங்கின் வரைபடத்தில் இல்லாதிருந்த அச்சு இதுவே: நோயாளி தாமே படும் துன்பம். 2013 பதிப்பு இதை மேலும் இறுக்கியது. அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதங்களாவது நீடிக்க வேண்டும். துயரம் அவருடையதாக இருக்க வேண்டும். பெண்களுக்கு விழைவும் கிளர்ச்சியும் ஒரே பிரிவாக இணைக்கப்பட்டன. தம்மைப் பாலியல் ஈர்ப்பு இல்லாதவர் என்று தாமே அடையாளப்படுத்திக் கொள்பவருக்கு இந்நோய்ப் பெயரைச் சூட்டக்கூடாது என்றும் கூறப்பட்டது.

இணையருள் ஒருவருக்கு விழைவு மிகுதியாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் இருந்தால், அவ்வேறுபாடு ஒன்றை மட்டும் கொண்டு குறைவாக விரும்புபவரை நோயாளி என்று கூற இயலாது என்பதும் இக்கையேட்டின் நிலைப்பாடு. விழைவு நிறைவேறாமல் வருந்தும் மற்றவருக்கும் இதில் நோய்ப் பெயர் ஏதும் இல்லை. விழைவின்மை, உடல் இயங்காமை, இணையரிடையே உள்ள விழைவு வேறுபாடு ஆகிய மூன்றையும் கலந்து பேசுவது இன்றும் பரவலாக உள்ளது. மூன்றிற்கும் ஆலோசனையும் சிகிச்சையும் வெவ்வேறு.

அளவு அச்சின் மறுமுனையில் மாற்றம் மெதுவாகவே வந்தது. சாட்டிரியாசிஸ், நிம்ஃபோமேனியா ஆகிய பெயர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்ப் பட்டியலில் மிகுவிழைவு என்ற தலைப்பின் கீழ் இருந்தன. 2022 இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பட்டியலில் அத்தலைப்பு இல்லை. அதற்கு மாறாக, கட்டுப்படுத்த இயலாத பாலியல் நடத்தை என்ற பிரிவு உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளுள் சேர்க்கப்பட்டது. இங்கே விழைவின் அளவு பொருட்டன்று. தம்மைக் கட்டுப்படுத்த முடியாமல் வாழ்க்கை சீர்குலைவதே பொருட்டு. தம் விழைவு பாவம் என்று கருதி ஒருவர் வருந்துவது மட்டுமே இந்நோய்க்குச் சான்றாகாது என்றும் அப்பட்டியல் கூறுகிறது. மனமொத்தவர்களிடையே நிகழும் மசோக்கிசமும் அதே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தற்பால் விழைவு அமெரிக்கக் கையேட்டிலிருந்து 1973 இலும் உலகப் பட்டியலிலிருந்து 1990 இலும் நீக்கப்பட்டிருந்தது.

கிராஃப்ட்-எபிங்கின் ஆவணங்கள் லண்டனிலுள்ள வெல்கம் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நெதர்லாந்து வரலாற்றாசிரியர் ஹாரி ஊஸ்டர்ஹவுஸ், நோயாளர் குறிப்புகளையும் கடிதங்களையும் ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். அச்சான நூலில் மருத்துவரின் குரலே ஓங்கி ஒலிப்பதாகத் தோன்றினாலும், அதை வடிவமைத்ததில் கடிதம் எழுதியவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அவ்வாய்வின் முடிவு.